சிவப்பு மீட்புப் பையும் பழைய சோனகத் தெருச் சாமானும்

எங்கள் கொம்பனி கடைசியில் மனசு வைத்து, வெளிநாட்டிலிருந்து முழுசாகக் கட்டி வரும் கயிற்று மீட்புப் பை ஒன்றை வாங்கித் தந்துவிட்டது. சிவப்பு நிறம், முதுகில் மாட்டலாம், உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் தனி அறை. விலையைப் பார்த்த கணக்காளர் சில நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடலைப் பார்த்து நிற்கிற உயர்மாடிகளின் வெளிச்சுவர்தான் எங்களுக்குத் தொழில். கண்ணாடி கழுவுவோம், பெயின்ற் அடிப்போம், சிலிக்கன் போடுவோம், எல்லாம் கயிற்றில் தொங்கியபடி. நான் கட்டாரில், கயிற்று வேலைக்கான சர்வதேசச் சங்கமான ஐராட்டாவின் லெவல் 3 எடுத்துவிட்டு ஊர் திரும்பியவன். லெவல் 3 என்றால் சம்பளம் கொஞ்சம் கூட; அதோடு கயிற்றில் ஒருவன் மயங்கித் தொங்கினால் இறக்குகிற பொறுப்பும் அவன் தலையில். 110க்கு அடித்து தீயணைப்புப் படையைக் கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் காலி வீதி நெரிசலில் அவர்கள் வந்து சேரும்வரை பையன் ஹார்னஸில் (உடம்பில் கட்டுகிற பட்டி) அசையாமல் தொங்க முடியாது. கால் பக்கம் இரத்தம் தேங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் மொட்டை மாடியில் ஒரு மீட்புப் பை திறந்தபடி இருக்க வேண்டும்.

இதே பையை இப்போது முகவர் கொழும்பில் ஹோட்டல்களுக்கும் அப்பார்ட்மென்ற் நிர்வாகங்களுக்கும் விற்றுக்கொண்டு திரிகிறார். "வாங்கலாமா அண்ணே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் விளக்கி வாய் வலிக்கிறது. என் முடிவு இதுதான்: பைக்குள் இருக்கிற சாமான் தரமானது, ஆனால் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பளபளக்கிற கருவிகளுக்கு அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்; கயிறு விளிம்பில் உரசுகிற இடத்துக்கும் மேலே கட்டுகிற இடத்துக்கும் பிச்சை போட்டமாதிரி ஏதோ வைத்திருக்கிறார்கள். அந்தக் குறையில் பாதியைக் கொழும்பின் ஹாட்வெயார்க் கடைத் தெருவான பழைய சோனகத் தெருவில் தீர்க்கலாம். மற்றப் பாதியை அங்கே தீர்க்கப் போனால் ஆள் செத்துப்போவான்.

கயிற்றில் தொடங்குகிறேன். பையில் 100 மீற்றர், 11 மில்லிமீற்றர், வெள்ளைக் கயிறு ஒன்று. ஐரோப்பிய ஈஎன் 1891 தரம், ஏ வகை. நைலோன் இழைகளாலான உள்ளீடு, அதன்மேல் பின்னிய உறை. பாரத்தை உள்ளீடு தாங்கும், உரசலை உறை தாங்கும். இந்த அமைப்பு 1953இல் ஜேர்மனியின் எடெல்ரிட் கொம்பனி கொண்டுவந்தது. ஏ வகைக் கயிறு இரண்டு நுனியிலும் எட்டு முடிச்சுப் போட்ட நிலையில் 15 கிலோநியூட்டனை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டொன்னை, மூன்று நிமிடம் தாங்க வேண்டும். 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குப் பாரம் ஏறும்போது 5 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது. கையில் பிடித்தாலே தெரிகிறது, நல்ல கயிறு. முடிச்சு இறுகப் பிடிக்கிறது, டிசெண்டருக்குள் (கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டு ஆளை இறக்குகிற கருவி) சுருங்கி மடங்கவில்லை.

முகவரின் பையன் விற்க வந்தபோது, "இன்னும் கொஞ்சம் போட்டால் 12.5 மில்லிமீற்றர் எடுக்கலாம் சேர், 40 கிலோநியூட்டன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்" என்றான். அந்த 40 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. 1980 ஜூனில் நியூயோர்க்கில் ஒரு தீயணைப்பு வீரர் இன்னொருவரைக் கூரையிலிருந்து இறங்கித் தூக்கும்போது கயிறு அறுந்து இரண்டு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கயிற்றுக்கு என்றே ஒரு தரம் எழுதினார்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1983 (அது தரத்தின் இலக்கம், வருஷம் இல்லை), முதல் பதிப்பு 1985. இரண்டு பேருக்கு 600 இறாத்தல் என்று வைத்து, அதைப் பதினைந்தால் பெருக்கினார்கள். 9000 இறாத்தல், அதுதான் 40 கிலோநியூட்டன். தண்ணீர் பிடித்த உடுப்பு, சிலிண்டர், கோடரி எல்லாவற்றோடும் இறங்குகிற தீயணைப்பு வீரருக்கு அது சரி. சேர்ட்டும் ஹார்னஸும் பக்கற்றுமாகத் தொங்குகிற 60 கிலோப் பையனை இறக்குகிற எங்களுக்கு அந்தத் தடிப்பு சுமைதான். 11 மில்லிமீற்றர் கயிறு மீற்றருக்கு 75, 80 கிராம், 12.5 என்றால் நூறைத் தாண்டும். லிப்ட் நின்ற கட்டடத்தில் படியால் சுமந்து ஏறிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். அதோடு பையில் வருகிற டிசெண்டருக்குள் 12.5 போகவும் போகாது. இதையும் அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கயிற்றின் தரத்தில் குறை இல்லை, நீளத்தில்தான் குறை. நாங்கள் எப்போதும் இரண்டு கயிறு. ஒன்று பாரத்துக்கு, ஒன்று காவலுக்கு. இருபது மாடி என்றால் 60 மீற்றருக்குக் கிட்ட வரும். மேலே தூணைச் சுற்ற, முடிச்சுப் போட, கீழே மிஞ்ச என்று பார்த்தால் ஒரு கயிறே 70 மீற்றர் வேண்டும். 100 மீற்றரை இரண்டாக வெட்டினால் 50, 50. அது பதினைந்தாம் மாடிக்கே இழுபறி. வெட்டாமல் வைத்தால் காவல் கயிறு இல்லை. இந்தப் பையைக் கட்டியவர் எந்தக் கட்டடத்தை மனதில் வைத்துக் கட்டினாரோ, கொழும்புக் கட்டடம் இல்லை.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. அப்பார்ட்மென்ற் கட்டடங்களில் தரைவரை இறக்கத் தேவையில்லை. கீழ்மாடிப் பல்கனி ஒன்று இருந்தால் அதுவே தரை. வேலை தொடங்க முன்னர் எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எந்தப் பல்கனிக்கு கிறில் அடித்திருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டுக் குறித்து வைப்பேன். வெள்ளவத்தையில் பாதிப் பல்கனிக்கு கிறில், மற்றப் பாதியில் உடுப்புக் கொடி. கிறில் இல்லாத பல்கனி கிடைத்தால் அன்று மனசு லேசு.

இனிக் கருவி. பையில் பெட்செல் கொம்பனியின் ஐ-டி எஸ் என்கிற டிசெண்டர் இரண்டு. இது 10 முதல் 11.5 மில்லிமீற்றர் கயிற்றுக்கானது. கைப்பிடியை விட்டால் நின்றுவிடும். பயத்தில் அளவுக்கு மிஞ்சி இழுத்தாலும் நின்றுவிடும். அது இதன் விசேஷம். கயிற்றைத் தலைகீழாகப் போட்டிருந்தால் உள்ளே ஒரு சின்னப் பல் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவனிடம் நம்பிக் கொடுக்கலாம். ஆனால் விளிம்பைத் தாண்டும்போது கயிற்றில் பாரம் குறைவாக இருக்கும். அந்த இடத்தில் பழகாத கை கைப்பிடியைச் சற்றுக் கூடுதலாக இழுத்தால் அந்தப் பாதுகாப்பே பூட்டிக்கொண்டு வெடுக் வெடுக்கென்று நிறுத்தும். தொங்குகிறவனுக்கு அது சுகமான பயணம் இல்லை. அதே கொம்பனியின் ரிக் இதைவிட இலேசு, ஓட்டமும் வழுக்கலாக இருக்கும், ஆனால் பயத்தில் இழுத்தால் நிற்கிற வசதி அதில் கிடையாது. நாள் முழுக்க கயிற்றில் இருக்கிற கைக்கு ரிக். பையில் கிடந்து என்றோ ஒருநாள் பதற்றத்தோடு எடுக்கப்படுகிற கருவியாக ஐ-டி. இந்த விஷயத்தில் பையைக் கட்டியவரோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு பேரின் பாரத்தை இறக்குவதானால் வெளியே வருகிற கயிற்றை இன்னொரு கராபைனருக்குள் (வாய் திறந்து பூட்டுகிற உலோகக் கொளுவி) விட்டு உராய்வைக் கூட்ட வேண்டும், அதை மட்டும் மறக்கக்கூடாது. ஆனால் கொழும்பில் ஒரு ஐ-டியின் விலை சாதாரணத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். இரண்டு வைத்தவர், இரண்டாவதின் இடத்தில் வேறு என்ன வைத்திருக்கலாம் என்று யோசித்திருக்கலாம்.

கராபைனர் பத்து, எல்லாம் அலுமினியம், மூன்று அசைவில் திறக்கிற மூன்றசைவுப் பூட்டு, 25 கிலோநியூட்டன் முத்திரை. ஆனால் பேரிக்காய் வடிவில் அகலமாக இருப்பது ஒன்றே ஒன்று. அதன் பெறுமதி முடிச்சுப் பற்றிச் சொல்லும்போது தெரியும். பல கராபைனரை ஒரே இடத்தில் மாட்டுகிற துளைத் தட்டு ஒன்று, நன்று. சுற்றிக் கட்டுகிற நாடா வளையமான ஸ்லிங் நான்கு, நன்று. கீழே இருந்து ஆளை மாட்டித் தூக்குகிற முக்கோணத் துணி ஒன்று, மிக நன்று. மயங்கியவனுக்கு ஹார்னஸ் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

கப்பியில்தான் கஞ்சத்தனம். பையில் வந்த இரண்டும் பந்துத் தாங்கி இல்லாமல் சாதாரண புஷ் வைத்த சின்னக் கப்பி. மீட்பில் ஆளைக் கீழே இறக்குவது சுலபம், ஒரு அடி மேலே தூக்குவதுதான் கஷ்டம். சிக்கிய கருவியிலிருந்து கழற்ற அந்த ஒரு அடி வேண்டும். இரண்டு கப்பியில் கயிற்றை இசட் எழுத்துப்போலத் திருப்பி இழுக்கிற, மூன்றுக்கு ஒன்று என்கிற அமைப்புப் போட்டால் 100 கிலோவை 33 கிலோ இழுவையில் தூக்கலாம் என்று புத்தகம் சொல்லும். கப்பியில் உராய்வே இல்லாவிட்டால் அது சரி. பந்துத் தாங்கி உள்ள நல்ல கப்பி பத்தில் ஒரு பங்கைத் தின்னும். அப்போது இழுவை 37 கிலோ. கப்பி இல்லாமல் கராபைனரிலேயே கயிற்றைத் திருப்பினால் பாதிக்குக் கிட்ட உராய்வு தின்றுவிடும், 54 கிலோவுக்குமேல் இழுக்க வேண்டும். கூரையில் இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது 37க்கும் 54க்கும் இடையில் என்ன இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியும். இரண்டாவது ஐ-டியின் காசில் இரண்டு நல்ல கப்பி வந்திருக்கும், மிச்சமும் இருந்திருக்கும்.

இப்போது பழைய சோனகத் தெரு. கொழும்பு 12இல் ஹாட்வெயார் என்றால் அந்தத் தெருதான். ஆணியிலிருந்து சங்கிலிவரை மொத்தமாகக் கிடைக்கும். லொறியும் கைவண்டியும் மூட்டை தூக்குகிற நாட்டாமைகளும் இடிபடுகிற நேரத்தில் உள்ளே போய், நான் வழமையாகப் போகிற கயிற்றுக் கடையில் நின்றேன். கடைக்காரர் எனக்கு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). அப்பா காலத்துப் பழக்கம்.

நீலமும் பச்சையுமாக மலைபோல் சுருட்டி வைத்திருப்பது பொலிபுரொப்பிலீன். மிதக்கும், மலிவு, பிடித்தால் கரகரக்கும். வெள்ளத்தில் எறிகயிறாக அது நல்லது; களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் வீட்டுக் கூரையில் ஆட்கள் நிற்கும்போது தண்ணீரில் மிதக்கிற கயிறுதான் வேண்டும். ஆனால் 165 பாகையில் உருகும். டிசெண்டரிலோ இன்னொரு கயிற்றிலோ ஓடி உரசினால் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. வெயிலில் கிடந்தாலும் பொடியாகும். பக்கத்தில் வெள்ளையாக மூன்று புரி முறுக்கிய நைலோன். பலம் உண்டு, ஆனால் பாரம் ஏற்றினால் புரி பிரிகிற திசையில் ஆளே சுழலத் தொடங்குவான், போதாததற்கு ரப்பர்போல நீளும். படகு கட்டலாம், பந்தல் கட்டலாம். இரண்டையும் ஆள் தொங்குகிற வேலைக்கு எடுக்கக்கூடாது. எத்தனையோ கட்டடங்களில் பெயின்ற் அடிக்கிறவர்கள் அந்த நீலக் கயிற்றில் பலகை கட்டித் தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நான் அங்கே தேடிப்போனது வில் ஷக்கிள், வாயில் ஊசி திருகிப் பூட்டுகிற வில் வடிவ இரும்புக் கொளுவி. நானா ஒரு பிடி அள்ளி மேசையில் போட்டார்.

"எடுங்க தம்பி, ஹார்பருக்குப் போற சாமான். உடையாது."

"நானா, இதில ஒண்டும் எழுதேல்லையே."

"எழுதினது வேணுமா? அது வேற விலை." உள்ளே போய் இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். "என்னத்துக்கு, பாரம் தூக்கவா?"

"ஆளைத் தொங்கவிட."

கையை உடனே பெட்டிமேல் வைத்துக்கொண்டார். "ஆளுக்கா? தூணில சங்கிலி மாதிரிப் பிடிக்கத்தான் எண்டா கொண்டு போங்க. ஆளுக்குப் பக்கத்தில மாட்ட எண்டா நான் தர மாட்டேன்."

எத்தனையோ முகவர்களிடம் கேட்காத வார்த்தை. அவர் சொன்னது தொழில்நுட்பமாகவும் சரிதான். முத்திரை உள்ள ஷக்கிளில் 3.25 டொன் என்று அடித்திருந்தால் அது வேலைப் பாரம். நல்ல உற்பத்தியாளர் அதை ஆறு மடங்கு வைத்துச் செய்திருப்பார், 19 டொன்னைத் தாண்டித்தான் உடைய வேண்டும். கராபைனரில் 25 கிலோநியூட்டன் என்று இருந்தால் அது உடைகிற பாரம், இரண்டரை டொன். இரண்டு எண்ணையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரம் என்று பார்த்தால் ஷக்கிள் பெரிய மனுசன்தான், ஆனால் அதன் ஊசி கயிறு ஆடுகிற ஆட்டத்தில் மெல்ல மெல்லக் கழன்று வரும். அதனால் தூணில், அசையாத இடத்தில், ஊசியைக் கம்பியால் கட்டிவிட்டு வைக்கலாம். மற்ற இடத்தில் பூட்டுள்ள கராபைனர்தான். எழுத்தே இல்லாத ஷக்கிளை எங்கேயும் வைக்கக்கூடாது.

அதே தெருவில் வாங்கிய மற்றச் சாமான்கள் எல்லாம் வெற்றி. கயிறு கொட்டி வைக்கப் பெரிய பெயின்ற் பக்கற் (பையோடு வந்த கயிற்றுப் பையைவிட இதிலிருந்து கயிறு சிக்காமல் ஓடுகிறது), விரிக்கத் தரப்பாள், தோல் உள்ளங்கை வைத்த கையுறை. கையுறை வெளிநாட்டுப் பெயரோடு தேட வேண்டியதில்லை. உலகத்துக்கே கையுறை ஏற்றுகிற நாட்டில் இருந்துகொண்டு எதற்கு?

அடுத்தது விளிம்பு. பையில் அலுமினிய உருளை ஒன்று வந்தது. செங்கோணமான கொங்கிரீட் விளிம்பில் அழகாக உட்காரும். எங்கள் கட்டடங்களில் அப்படி விளிம்பு எங்கே இருக்கிறது? மேலே கிரனைட் பலகை ஒட்டியிருப்பார்கள், அதற்கு வெளியே அலுமினியத் தகடு மடித்துவிட்டிருப்பார்கள். அந்தத் தகட்டின் வெட்டு முனையில் பாரம் ஏறிய கயிறு இடமும் வலமும் இழுபட்டால் 15 கிலோநியூட்டனும் 40 கிலோநியூட்டனும் ஒன்றுதான். கயிறுகள் பாரம் தாங்காமல் அறுவதைவிட விளிம்பில் அறுபட்டுப் போவதுதான் வழமை. கீழே தொங்குகிறவனை எடுக்க மீட்பவர் பக்கவாட்டில் நடக்க வேண்டிவரும். கயிறு இழுபடுவது அப்போதுதான்.

இதற்கு நான் கண்ட மருந்து காலாவதியான தீயணைப்புக் குழாய். ஒவ்வொரு பெரிய கட்டடத்திலும் பழைய குழாயை மாற்றிவிட்டுப் பழையதைத் தளத்தின் மூலையில் போட்டிருப்பார்கள், பராமரிப்பு மனேஜரிடம் கேட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார். ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, பஞ்சிகாவத்தையில் வாகன இருக்கை உறை தைக்கிற ஒருவரிடம் கொடுத்து வெல்குரோ தைத்து, மூலையில் கட்டுகிற வளையமும் போட்டுக்கொண்டேன். கயிற்றைச் சுற்றிப் பூட்டிவிட்டால் எந்த விளிம்பிலும் படுத்துக்கொள்ளும். உருளையை நான் இப்போது மொட்டை மாடிக்கே கொண்டுபோவதில்லை.

ஆங்கருக்கு, அதாவது மேலே கயிறு கட்டுகிற பிடிக்கு, பையில் வைத்திருப்பது நான்கு ஸ்லிங்கும் ஒரு விளக்கப்படமும்தான். படத்தில் பாறையும் பைன் மரமும். கொழும்பு மொட்டை மாடியில் என்ன இருக்கும்? தண்ணீர்த் தாங்கி, ஏசி வெளியலகுகள், டிஷ் அன்ரெனாக் கம்பம், இடிதாங்கி, கைப்பிடிச் சுவர். இவற்றில் தண்ணீர்த் தாங்கியைத் தாங்குகிற கொங்கிரீட் தூணையும் லிப்ட் மோட்டர் அறையின் தூணையும் தவிர வேறு எதையும் நான் நம்ப மாட்டேன். ஏசிச் சட்டத்தின் போல்ட்டுகள் கடற்காற்றில் உள்ளே எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவர் பல இடங்களில் வெறும் செங்கல், மேலே சாந்து. புதிய கட்டடங்களில் கயிற்று வேலைக்கென்றே தலையில் வளையம் உள்ள கண் போல்ட் வைத்திருப்பார்கள். ஈஎன் 795 கணக்கில் 12 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். போல்ட்டின் அடியிலிருந்து சுவரில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். 316 ரகத் துருவேறா உருக்கு என்றால் உப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும், துத்தநாகம் பூசியது கடலோரத்தில் அதிகம் நிலைக்காது.

தூண் கிடைத்தால் எனக்குப் பிடித்த கட்டு, முடிச்சில் பாரமே ஏறாத கட்டு. கயிற்றை மூன்று நான்கு தரம் தூணில் சுற்றி, நுனியில் எட்டு முடிச்சுப் போட்டு, கராபைனரால் பாரம் போகிற பக்கத்துக் கயிற்றிலேயே தளர்வாக மாட்டிவிடுவது. பாரத்தைச் சுற்றுகளின் உராய்வு பிடித்துக்கொள்ளும். முடிச்சுக்கு வேலை இல்லாததால் கயிற்றின் பலம் குறையாது. சாதாரணமாக எட்டு முடிச்சுப் போட்ட கயிறு நாலில் ஒரு பங்குவரை பலத்தை இழக்கும். தூணின் குறுக்களவு கயிற்றைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும், 11 மில்லிமீற்றருக்கு ஒன்பது சென்ரிமீற்றர். எந்தக் கட்டடத் தூணும் அதைவிடத் தடிப்பு. ஆனால் எங்கள் தூண்கள் சதுரம். நாலு மூலைக்கும் நாலு குழாய்த்துண்டு.

இரண்டு தூணைச் சேர்த்துக் கட்டுவதானால் கோணத்தைப் பாருங்கள். 200 கிலோ பாரத்துக்கு இரண்டு தூணுக்கும் போகிற கயிறுகளுக்கு இடையில் 60 பாகை என்றால் ஒவ்வொரு தூணுக்கும் 115 கிலோ. 90 என்றால் 141. 120 என்றால் ஒவ்வொன்றுக்கும் முழு 200. 150க்கு விரித்தால் 386. மொட்டை மாடியில் தூண்கள் தூரத் தூர நிற்கும், விளிம்புக்கு மிக அருகில் சந்திப்பை வைக்க ஆசை வரும், கோணம் தன்பாட்டில் விரியும். பையோடு வந்த ஸ்லிங்குகள் நீளம் குறைவு. அவற்றை வைத்துக் கட்டினால் விரிவைத் தவிர வேறு வழியில்லை. கயிறு வெட்டித்தான் கட்ட வேண்டும், மீண்டும் நீளப் பிரச்சினை.

முடிச்சுக்கு ஒரு பிளாஸ்ரிக் அட்டை. பன்னிரண்டு முடிச்சு, கலர் கலராக. பன்னிரண்டு தெரிந்தவன் பதற்றத்தில் ஒன்றையும் போடமாட்டான். எங்கள் பையன்களுக்கு நான் பழக்குவது எட்டு முடிச்சும் அதன் இரண்டு காது வகையும், நடுக்கயிற்றில் காது எடுக்க பட்டர்ஃபிளை, ஹார்னஸில் மாட்டுகிற தொங்கு நாடாவுக்கு பெரல், கயிற்றைப் பிடிக்க புரூசிக், ஆளை இறக்க முன்ரர். கயிறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படுத்திருக்க வேண்டும், வால் ஒரு சாண் மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான் பாடம். போலைன் கட்ட எனக்கும் பிடிக்கும், ஆனால் பாரம் ஏறியிறங்கினால் தளர்கிற குணம் அதற்கு உண்டு. அதைத் தடுக்கப் போடுகிற பூட்டு முடிச்சை மறக்கிற ஒருவன் எந்தக் குழுவிலும் இருப்பான்.

புரூசிக் 1931இல் கார்ல் புரூசிக் என்கிற ஒஸ்ரியாக்காரர் எழுதி வெளியிட்ட முடிச்சு. 8 மில்லிமீற்றர் கயிற்றுவளையத்தை 11இன்மேல் மூன்று சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும், தளர்த்தினால் நகரும். பல் வைத்த பிடிகருவி நான்கு, ஐந்து கிலோநியூட்டனில் கயிற்றின் உறையைக் கிழிக்கத் தொடங்கிவிடும். புரூசிக் என்றால் உறையைக் கிழிக்க முன் வழுக்கி எச்சரிக்கும். பையில் இரண்டு வளையம், நல்ல மென்மையான நூல். கடினமான நூல் என்றால் பிடிக்காது. இதில் முழு மதிப்பெண்.

முன்ரர், சுவிஸ் மலை வழிகாட்டி வேர்னர் முன்ரரின் பெயரில் வழங்குகிற முடிச்சு. கருவி எதுவும் வேண்டாம், அகலமான பேரிக்காய்க் கராபைனர் ஒன்று போதும், ஆளை இறக்கிவிடலாம். கயிறு முறுக்கிக்கொள்ளும், அது உண்மை. எங்கள் சிங்களப் பையன் ஒருவன், "அய்யே, இவ்வளவு விலையான சாமான் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டான். பதினெட்டாம் மாடியில் அந்த விலையான சாமான் கை நழுவிக் கீழே போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் இப்போது எல்லாரையும்விட வேகமாக முன்ரர் போடுகிறான். பத்தில் ஒரே ஒரு அகலக் கராபைனர் வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

பராமரிப்புக்குக் கையேடு ஐரோப்பியக் குளிரில் எழுதியிருக்கிறார்கள். இங்கே மே முதல் செப்ரெம்பர்வரை தென்மேல் காற்று மரைன் டிரைவ் முழுக்க உப்பை வாரி அடிக்கும். கராபைனரின் பூட்டில் வெள்ளைத் தூள் படியும், மூன்றசைவு ஐந்தசைவாகும். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, பூட்டுக்கு மட்டும் உலர் மசகு. கயிற்றை மொட்டை மாடி வெயிலில் விரிக்காதீர்கள், வெயில் நைலோனைத் தின்னும். ஈரக் கயிறு பத்து, பதினைந்து சதவீதம் பலம் குறைந்தே இருக்கும், கனமும் கூடும்.

அசிட்தான் என் பெரிய பயம். டைல்ஸில் சீமெந்துக் கறை எடுக்க நாங்களே மியூரியாற்றிக் அசிட் பாவிக்கிறோம், எங்கள் வான் வண்டிக்குள் பற்றறியும் கிடக்கும். நைலோனுக்கு அசிட் எதிரி. பட்ட இடம் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே போயிருக்கும். மீட்புப் பைக்கு வண்டியில் முன்சீற், ஆள் பின்னால் இருக்கட்டும்.

முகவரின் சேவைக்கு நான் புள்ளி போட மாட்டேன். எங்களுக்கு வந்த கயிறு உற்பத்தியாகி இரண்டு வருஷம் ஆனது, லேபிளிலேயே இருந்தது. பெட்செல் தன் துணிச் சாமான்களுக்கு உற்பத்தி நாளிலிருந்து அதிகபட்சம் பத்து வருஷம் என்கிறது. அப்படியான கணக்கில் இரண்டு வருஷம் ஏதோ களஞ்சியத்தில் தூங்கியபடியே போய்விட்டது. கையேடுகளும் வரவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். வாங்குகிறவர்கள் காசு கொடுக்கமுன் லேபிள் திகதியையும் தொடர் இலக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக் கோபுரத்துக்கு இந்தப் பை போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். 350 மீற்றர் கோபுரம். போதாது மச்சான், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வேறு ஏற்பாடு.

இருபது மாடிவரை உள்ள கட்டடங்களுக்கு, முகவர் பிரித்துத் தர ஒத்துக்கொண்டால், இப்படிக் கேளுங்கள்: 11 மில்லிமீற்றர் கயிறு 70 மீற்றராக இரண்டு, ஆங்கருக்குத் தனியாக 30 மீற்றர், ஐ-டி ஒன்று, பந்துத் தாங்கிக் கப்பி இரண்டு, பேரிக்காய்க் கராபைனர் நான்கு, மற்றக் கராபைனர் எட்டு, துளைத் தட்டு, முக்கோணத் துணி, புரூசிக் வளையம் நான்கு. உருளையும் முடிச்சு அட்டையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கற்றும் தரப்பாளும் முத்திரை உள்ள ஷக்கிளும் நானாவின் தெருவில். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும்.